விளக்கை மங்கவைத்தது யார்? கேஸ்லைட்டிங் பற்றி ஓர் எளிய அறிமுகம்

"என்னை கேஸ்லைட் பண்ணாதே" என்ற வசனம் இப்போது எங்கு பார்த்தாலும் கேட்கிறது. அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கும் வீட்டுக்காரர், மீட்டிங்கில் சொன்னதை மறுநாள் மறுக்கும் மேனேஜர், படம் பிடிக்கவில்லை என்று சொன்ன நண்பன் என்று எல்லார் தலையிலும் இந்தக் குற்றம் விழுகிறது. அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2022-ஆம் ஆண்டுக்குரிய சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஒரே வருடத்தில் தங்கள் தளத்தில் இதைத் தேடியவர்களின் எண்ணிக்கை 1,740 சதவீதம் கூடியதாகவும் சொன்னது.

இதை விளக்க வருபவர்கள் வழக்கமாக ஒரு பழைய படத்தில் ஆரம்பிப்பார்கள். புதிதாகக் கல்யாணமான ஒருவன் தினமும் இரவில் வீட்டு விளக்கைக் குறைத்து வைப்பானாம். மனைவி "விளக்கு மங்குதே" என்பாளாம். "இல்லையே, உனக்குத்தான் அப்படித் தெரியுது" என்பானாம். இப்படியே போய் அவளுக்குப் புத்தி பேதலித்துவிடுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் அப்படி நடக்கவில்லை.

அந்த வீட்டில் கணவன் திட்டமிடாமல் நடந்த காரியம் ஒன்று உண்டென்றால், அது விளக்கு மங்கியதுதான். அவன் செய்த சூழ்ச்சி வேறு இடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று புரிந்துவிட்டால், எது கேஸ்லைட்டிங், எது வெறும் பொய், எது சாதாரணக் குடும்பச் சண்டை என்று பிரித்துப் பார்ப்பது சுலபம்.

## முதலில் கதை

படத்தின் பெயர் 'கேஸ்லைட்'. 1944-இல் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்தது, இயக்கியவர் ஜார்ஜ் க்யூகர். பேட்ரிக் ஹாமில்டன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நாடகம்தான் இதற்கு மூலம். அது 1938-இல் இங்கிலாந்தில் மேடையேறியது. முடிவைச் சொல்லாமல் இந்த விஷயத்தை விளக்க வழியில்லை. எண்பது வருடத்துக்கு முந்தைய படம் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விக்டோரியா ராணி காலத்து லண்டன். தார்ன்டன் சதுக்கம், 9-ஆம் எண் வீடு. ஆலிஸ் ஆல்க்விஸ்ட் என்ற பெரிய ஆப்பெரா பாடகி அங்கே கழுத்து நெரித்துக் கொல்லப்படுகிறாள். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. அவள் வளர்த்த அண்ணன் மகளோ அக்காள் மகளோ, எப்படியும் அவளை அத்தை என்றோ சித்தி என்றோ அழைக்கக்கூடிய சிறுமி பௌலாவை இத்தாலிக்குப் பாட்டுப் படிக்க அனுப்பிவிடுகிறார்கள். வளர்ந்த பௌலாவாக நடித்தவர் இங்க்ரிட் பெர்க்மன்.

பாட்டு வாத்தியாரிடம் பியானோ வாசிக்க வருகிற கிரெகரி ஆன்டன் என்பவனைப் பௌலா காதலிக்கிறாள். பழகி இரண்டே வாரம், அதற்குள் கல்யாணம். அந்த வேடத்தில் சார்லஸ் போயர். லண்டனில் ஒரு சதுக்கத்து வீட்டில் வாழவேண்டும் என்பது தன் நெடுநாள் ஆசை என்கிறான். அவளுக்கு அப்படி ஒரு வீடு சொந்தமாகவே இருக்கிறது. கொலை நடந்த வீடு, அவளுக்குப் பயம். ஆனாலும் ஆசைக் கணவனுக்காகச் சம்மதிக்கிறாள். பழைய சாமான்கள் கண்ணில் பட்டால் பழைய நினைவு வரும் என்று எல்லாவற்றையும் மாடி அறையில் போட்டு அடைத்துவிடச் சொல்கிறான் கிரெகரி.

அவன்தான் ஆலிஸைக் கொன்றவன். ஓர் அரச குடும்பத்து ரசிகர் அவளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த ரத்தினங்களைத் தேடி அன்று வந்தவன். சிறுமி பௌலா சத்தம் கேட்டு மாடிப்படியில் இறங்கி வந்ததால் கை வைக்க முடியாமல் ஓடிப்போனான். அந்த ரத்தினங்கள் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கின்றன. நிம்மதியாகத் தேட வீடு வேண்டும், வீட்டுக்காரி குறுக்கே நிற்கக் கூடாது. கொலை செய்தால் மறுபடி போலீஸ் வரும். அவளுக்குப் பைத்தியம் என்று ஊரை நம்பவைத்துவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அன்றைய இங்கிலாந்துச் சட்டமும் இதற்கு வசதியாகத்தான் இருந்தது. ஒருவரை மனநோய் விடுதியில் தனியார் நோயாளியாகச் சேர்க்க, உறவினர் ஒருவரின் கையெழுத்தும் இரண்டு மருத்துவர்களின் சான்றிதழும் போதும். படத்தில் கிரெகரி தன் மனைவியைப் பயமுறுத்துவதும் அந்த இரண்டு மருத்துவர்களைச் சொல்லித்தான்.

## விளக்கு ஏன் மங்கியது?

தினமும் இரவில் கிரெகரி "வேலை இருக்கிறது, தனி அறை எடுத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போகிறான். தெருவைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் ஆளில்லாமல் கிடக்கும் வீட்டுக்குள் நுழைந்து, கூரை வழியாகத் தன் வீட்டு மாடி அறைக்கே திரும்பி வருகிறான். இருட்டில் தேட முடியாது, அங்கிருக்கும் விளக்கை ஏற்றுகிறான். கீழே பௌலாவின் அறையில் விளக்கு மங்குகிறது.

அது மின்விளக்கு இல்லை, வாயு விளக்கு. நிலக்கரியைக் காற்றுப் புகாத கலத்தில் சூடாக்கினால் எரியக்கூடிய வாயு வரும். அதைப் பெரிய தொட்டிகளில் சேர்த்து, தெருவுக்கு அடியில் குழாய் போட்டு வீடுகளுக்கு அனுப்பினார்கள். லண்டனில் இதற்கென்று முதல் கம்பெனி 1812-லேயே அரசு அனுமதி பெற்றுவிட்டது. வீட்டுக்குள் வரும் ஒரு குழாய் கிளை கிளையாகப் பிரிந்து ஒவ்வொரு விளக்குக்கும் போகும். சுவரில் திருகு இருக்கும். திருகித் தீக்குச்சி காட்டினால் எரியும்.

குழாய் ஒன்று, விளக்கு பல. நம் ஊரில் வோல்டேஜ் குறைவான தெருக்களில் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் கூடத்து விளக்கு ஒரு சுருங்கு சுருங்குமே, கிட்டத்தட்ட அதேதான். புதிதாக ஒரு விளக்கைத் திறந்தால் வீட்டுக் குழாயில் ஓடும் வாயுவின் அளவு கூடும். ஓட்டம் கூடினால் குறுகலான குழாயின் உராய்வில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் மற்ற விளக்குகளின் சுடர் சிறுக்கும். அந்தக் காலத்து வீட்டாருக்கு இது பழகிப்போன விஷயம். அதனால்தான் விளக்கு மங்கியதும் பௌலாவுக்கு முதலில் வரும் சந்தேகம் வீட்டில் வேறெங்கோ விளக்கேற்றியிருக்கிறார்களா என்பது. விசாரித்தால் யாரும் ஏற்றவில்லை. மேலே ஆள் நடக்கும் சத்தமும் கேட்கிறது. மேலே யாரும் இல்லை. சமையல்காரி எலிசபெத்துக்குக் காது மந்தம், அவளுக்கு எதுவும் கேட்பதில்லை.

மூல நாடகத்தில் இது இன்னும் கூர்மையாக வருகிறது. கணவன் வெளியே போன சிறிது நேரத்தில் விளக்கு இறங்குகிறது, அவன் திரும்பி வருவதற்குச் சற்று முன்னால் ஏறுகிறது என்று கதாநாயகியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். புத்தி கெட்டவள் என்று பேர் வாங்கிக்கொண்டிருக்கும் பெண்தான் துப்பறியும் வேலையில் பாதியை முடித்திருக்கிறாள்!

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், விளக்கு மங்கியது கிரெகரியின் தந்திரம் இல்லை, அவன் விட்டுப்போன தடயம். அந்த வீட்டில் அவனால் கட்டுப்படுத்த முடியாத சாட்சி அது ஒன்றே. கொடுமைக்கு அதன் பெயரே வந்து சேர்ந்தது வினோதம்தான்.

## அப்படியானால் சூழ்ச்சி எங்கே?

ஒரு சின்ன உடைப்பதக்கத்தில் ஆரம்பிக்கிறது. லண்டன் டவரைச் சுற்றிப்பார்க்கப் போகும் நாளில் பௌலாவுக்கு அதைப் பரிசாகத் தருகிறான் கிரெகரி. அம்மாவுடையது, அவருக்கும் முன்னால் பாட்டியுடையது என்கிறான். ஊக்கு சரியில்லை, இப்போது குத்திக்கொள்ளாதே என்று அவள் கைப்பையிலேயே போடுகிறான். போடும்போதே, "தொலைத்துவிடாதே, உனக்குத்தான் பொருளைத் தொலைக்கிற பழக்கம் இருக்கிறதே" என்கிறான். அவளுக்கு ஆச்சரியம். அப்படி ஒரு பழக்கம் தனக்கு இருப்பதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவன் சிரித்துக்கொண்டே சமாளித்துவிடுகிறான். அன்றைக்கே பதக்கம் காணாமல் போகிறது.

இதில் நடந்த வரிசையைக் கவனியுங்கள். பொருள் தொலைந்த பிறகு "நீ மறதிக்காரி" என்று திட்டியிருந்தால் அது வெறும் ஏச்சு. இங்கே தீர்ப்பு முன்னால் வருகிறது, ஆதாரம் பின்னால் வருகிறது. ஆதாரம் கிடைத்த இடமோ அவள் கைப்பை. அவளைத் தவிர வேறு யார் மேல் அவள் சந்தேகப்படுவாள்?

அடுத்து சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சின்னப் படம். இந்தக் காட்சியை மட்டும் தனியாகப் பார்த்தாலே போதும், முழுப் பாடமும் அதில் இருக்கிறது. நாட்கணக்காக வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பௌலாவிடம், இன்று நாடகம் பார்க்கப் போகலாம் என்கிறான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் பியானோ வாசிக்க அவள் அறை முழுக்கச் சுற்றி வருகிறாள். திடீரென்று வாசிப்பை நிறுத்துகிறான். குரல் மாறுகிறது. சுவரில் படத்தைக் காணோம். எடுத்தவள் நீதான், எங்கே வைத்தாய், கொண்டுவந்து மாட்டு. அவள் இல்லவே இல்லை என்கிறாள். வேலையாட்களைக் கூப்பிட்டு அவள் எதிரிலேயே விசாரிக்கிறான், பைபிளை எடுத்து நீட்டுகிறான். கடைசியில் அவள் நேராக மாடிப்படிக்குப் போய் ஒரு சிலையின் பின்னாலிருந்து படத்தை எடுக்கிறாள். "அப்படியானால் எங்கே இருந்தது என்று உனக்குத் தெரியும்!" போன தடவை காணாமல் போனபோதும் அங்கேதானே கிடைத்தது, அதனால் பார்த்தேன் என்று சொல்லிப் பார்க்கிறாள். உண்மையான, நியாயமான பதில் அது. யார் காதிலும் ஏறவில்லை. நாடகமும் ரத்து.

சந்தோஷத்தை ஏற்றிவிட்டுத் தள்ளுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. அவன் எந்நேரமும் சிடுசிடுத்திருந்தால் அவள் அவனை வெறுத்து விலகியிருப்பாள். நடுநடுவே அன்பாக இருப்பதால், நல்ல மனிதரைக் கெடுப்பது தன்னுடைய 'வியாதி'தான் என்று நம்ப அவளுக்கு இடம் கிடைக்கிறது.

வேலையாட்களிடமோ, எஜமானிக்கு உடம்பு சரியில்லை, தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லிவைத்திருக்கிறான். பார்க்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறான். நான்சி என்ற இளம் வேலைக்காரி எஜமானியை மதிப்பதே இல்லை, அதையும் அவன் ஊக்குவிக்கிறான். (நான்சியாக வந்த ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு இதுதான் முதல் படம். படப்பிடிப்பின்போதுதான் 18 வயது நிறைந்தது. முதல் படத்துக்கே ஆஸ்கர் பரிந்துரை.) ஒரு பிரபு வீட்டுக் கச்சேரிக்கு அவள் பிடிவாதமாகக் கிளம்பிவிட, கூடவே போய், சங்கிலியில் தன் கடிகாரத்தைக் காணோம் என்று அவள் காதில் சொல்லி, அதை அவள் பையிலிருந்தே எடுத்துக் காட்டுகிறான். சபை நடுவில் அவள் உடைந்து அழுகிறாள். இனி வெளியுலகமே சாட்சி. வீட்டுக்கு வந்ததும் கடைசி ஆணியையும் அடிக்கிறான்: உன் தாய் பைத்தியக்கார விடுதியில்தான் செத்தாள்.

இப்போது விளக்கம் சொல்லலாம். ஒருவர், தம்மை நம்பும் இன்னொருவரிடம் தொடர்ந்து நடந்துகொள்ளும் விதத்தால், அவர் தம் கண்ணையும் காதையும் நினைவையும் தாமே நம்ப முடியாத நிலைக்குக் கொண்டுவந்து, அதில் ஆதாயம் அடைவதுதான் கேஸ்லைட்டிங். நம்பிக்கை, தொடர்ச்சி, தன்மேலேயே வரும் சந்தேகம் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் இந்தச் சொல்லுக்கு வேலை இல்லை.

## மனம் ஏன் இடம் கொடுக்கிறது?

"நானாக இருந்தால் ஒரு நாளும் ஏமாந்திருக்க மாட்டேன்" என்று படம் பார்த்தவர்களில் பாதிப் பேர் சொல்வார்கள். பௌலா அசடு இல்லை. மனித நினைவு வேலை செய்யும் முறையே அவனுக்குச் சாதகம்.

நினைவு என்பது எங்கோ பத்திரமாகப் பதிந்து கிடப்பது, வேண்டும்போது எடுத்துப் பார்ப்பது என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-லேயே இதை மறுத்தார். ஒன்றை நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மனம் கிடைத்த துண்டுகளை வைத்து அதைப் புதிதாகக் கட்டுகிறது என்றார். கட்டும் நேரத்தில் பக்கத்திலிருப்பவர் ஒரு செங்கல்லை மாற்றி நீட்டினால் அதுவும் சுவரில் சேர்ந்துவிடும். 1974-இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் செய்த சோதனையில், கார் விபத்துக் காட்சியைக் காட்டிவிட்டு, கார்கள் 'மோதிக்கொண்டபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். பார்த்தது ஒரே காட்சி. ஆனால் கடுமையான சொல்லைக் கேட்டவர்கள் அதிக வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம்.

இரண்டாவது காரணம், மற்றவர்கள். 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஓர் அறையில் பலரை உட்கார வைத்து, இந்தக் கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு எது என்று கேட்டார். குழந்தைகூடச் சரியாகச் சொல்லிவிடும் கேள்வி. ஆனால் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். சில சுற்றுகளில் எல்லாரும் வாய் கூசாமல் ஒரே தவறான பதிலைச் சொல்வார்கள். தனியாகக் கேட்டால் நூற்றில் ஒரு தடவைகூடத் தவறாத விஷயத்தில், கூட்டத்துக்கு நடுவே அந்த ஒருவர் சொன்ன பதில்களில் சுமார் 37 சதவீதம் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகிப் போனது. கோடு கண்ணெதிரே இருந்தும் இந்தக் கதி.

அதே ஆஷ் இன்னொன்றும் செய்து பார்த்தார். கூட்டத்தில் ஒரே ஓர் ஆளை மட்டும் சரியான பதிலைச் சொல்லவைத்தார். தவறுகள் நான்கில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டன. பெரும்பான்மை அப்படியே இருந்தது, கூட ஒரு ஆள் சேர்ந்தார், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

சுருக்கமாக, நினைவு வளையக்கூடியது, தனியாக நிற்கும் மனம் சீக்கிரம் வளையும். கிரெகரி மனைவியை வெளியுலகத்திலிருந்து பிரித்தது வெறும் கொடுமைக்காக இல்லை. சரியான பதிலைச் சொல்லக்கூடிய அந்த இன்னொரு ஆள் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதே என்பதற்காக.

## எது கேஸ்லைட்டிங் இல்லை?

பொய் சொல்வது கேஸ்லைட்டிங் ஆகாது. "நேற்று ஆபீஸில்தான் இருந்தேன்" என்று புளுகும் கணவர் ஒரு நிகழ்ச்சியை மறைக்கிறார், அவ்வளவுதான். "நான் உன்னைக் கடைவீதியில் பார்த்தேனே" என்று மனைவி சொல்லும்போது, "உனக்கு இப்போதெல்லாம் இல்லாததெல்லாம் தெரிகிறது, அம்மாவும் அதைத்தான் சொல்கிறார், டாக்டரைப் பார்க்கலாமா?" என்று மாதக்கணக்கில் பேச்சுப் போனால் விஷயம் வேறு. முதலாவது அவள் பார்த்த காட்சியைப் பற்றியது. இரண்டாவது, பார்க்கும் அவள் கண்ணைப் பற்றியது.

மாற்றுக் கருத்தும் ஆகாது. ஒரே கல்யாண வீட்டுச் சண்டையை அண்ணன் ஒரு விதமாகவும் தங்கை ஒரு விதமாகவும் சொல்வதில் இருவருமே நேர்மையாக இருக்கலாம், பார்ட்லெட் சொன்னது இருவருக்கும்தானே பொருந்தும். முன்பணத்தைத் தராத வீட்டுக்காரர் மோசக்காரராக இருக்கலாம். ஆனால் பணம் கொடுத்தோமா என்ற சந்தேகம் உங்களுக்கே வராதவரை அது ஏமாற்று மட்டும்தான்.

1964-இல் வந்த 'புதிய பறவை' நினைவிருக்கிறதா? செத்துப்போன மனைவி என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி வீட்டுக்குள் வந்து நிற்கிறாள். எல்லாச் சாட்சியும் அவள் பக்கம். சிவாஜி மட்டும் "இவள் என் மனைவி இல்லை" என்று கத்துகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் அதே கதைபோல் தெரியும். ஆனால் கோபாலுக்குத் தன் நினைவில் கடைசிவரை சந்தேகம் இல்லை. மனைவி இறந்தது எப்படி என்று அவனுக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியுமே. அவனைச் சுற்றி நடக்கும் நாடகம் அவன் அறிவைக் குழப்பப் போட்டதில்லை, அவன் மறைத்ததைக் கக்கவைக்கப் போட்டது. சூழ்நிலை ஒன்று, குறி வேறு. என்னைக் கேட்டால், இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

வேண்டுமென்றே செய்தால்தானா, தெரியாமல் செய்தாலும் கேஸ்லைட்டிங்தானா என்று ஒரு கேள்வி உண்டு. கிரெகரி மாதிரித் திட்டம் தீட்டிச் செய்பவர்கள் நிஜத்தில் குறைவு என்றுதான் நினைக்கிறேன். தன்மேல் பழி வரும்போதெல்லாம் "நீ எதையும் பெரிதுபடுத்துகிறவள்" என்று எதிராளி மேல் தள்ளிப் பழகியவருக்கு ரத்தினமும் வேண்டாம், மாடி அறையும் வேண்டாம். பழக்கமே அந்த வேலையைச் செய்துவிடும். அமெரிக்கச் சமூகவியலாளர் பெய்ஜ் ஸ்வீட் 2019-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்குச் சமூகக் காரணம் காட்டுகிறது. பெண் என்றால் உணர்ச்சிவசப்படுபவள், அறிவுபூர்வமாக யோசிக்கத் தெரியாதவள் என்ற எண்ணம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. கேஸ்லைட்டிங் செய்பவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அந்த எண்ணத்தைக் கடன் வாங்கினால் போதும். கிரெகரியும் அதைத்தானே செய்தான்? "என் மனைவிக்கு நரம்புத் தளர்ச்சி" என்றதும் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

## மருத்துவமும் சட்டமும், சுருக்கமாக

கேஸ்லைட்டிங் ஒரு நோயின் பெயர் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியலில் இப்படி ஒரு நோய் கிடையாது. ஆனாலும் மருத்துவ உலகம் இதை வெகு காலத்துக்கு முன்பே கவனித்துவிட்டது. 1969-இல் 'தி லான்செட்' இதழில் பார்ட்டன், வொய்ட்ஹெட் என்ற இரு மருத்துவர்கள், நெருங்கியவர்களின் சூழ்ச்சியால் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே வாயு விளக்கு இருந்தது.

சட்டம் இன்னும் தாமதமாகத்தான் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-இல் இயற்றிய ஒரு சட்டத்தின் 76-ஆவது பிரிவு, குடும்பத்துக்குள் ஒருவரைத் தொடர்ந்து அடக்கி ஆட்டிவைப்பதைக் குற்றமாக்கியது. அடி விழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஐந்து ஆண்டு வரை சிறை. தனித்தனியாகப் பார்த்தால் சில்லறையாகத் தெரியும் செயல்கள் ஒன்றுசேர்ந்து ஒருவர் வாழ்க்கையையே பிடித்துக்கொள்வதை 'வன்கட்டுப்பாடு' எனலாம். கேஸ்லைட்டிங் அதன் ஒரு கருவி. கிரெகரி இன்றைய லண்டனில் இருந்திருந்தால், கொலை வழக்கு இல்லாமலேகூட மாட்டியிருப்பான்.

## பௌலா எப்படி மீண்டாள்?

ஆலிஸ் ஆல்க்விஸ்ட்டைச் சிறுவனாக இருந்தபோது பார்த்து வியந்தவன் பிரையன் கேமரன். இப்போது ஸ்காட்லாந்து யார்டில் அதிகாரி. ஒருநாள் கிரெகரி வெளியே போனதும் பௌலாவைப் பார்க்க வீட்டுக்குள் வந்துவிடுகிறான். அவன் அவளிடம் வாதாடுவதில்லை. "உனக்கு ஒன்றும் இல்லை, தைரியமாக இரு" என்று ஆறுதல் மழை பொழிவதும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே விளக்கு மங்குகிறது. அவனும் அதைப் பார்க்கிறான். மேலே சத்தம் கேட்கிறது. அவனும் அதைக் கேட்கிறான். பெர்க்மனின் முகத்தை அந்த நொடியில் பார்க்கவேண்டும். அந்த வருடத்துச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை அவருக்குக் கொடுத்ததற்கு வேறு காரணமே தேவையில்லை.

ஆஷின் சோதனையில் வந்த அந்த ஒரே ஆள் இவன்தான். கூட்டம் மாறவில்லை, கிரெகரி திருந்தவில்லை, நான்சி அதே திமிரோடுதான் இருக்கிறாள். இன்னொரு ஜோடிக் கண் வந்தது, அவ்வளவே.

ஆனால் படம் அங்கேயே முடித்துக் கைகழுவவில்லை, அதனால்தான் எனக்கு இதன்மேல் மரியாதை. பிரையன் போன பிறகு கிரெகரி திரும்பி வருகிறான், மேசையை யாரோ உடைத்துத் திறந்திருப்பதைப் பார்க்கிறான். ஒருவர் வந்தார் என்கிறாள் பௌலா. எலிசபெத்தைக் கூப்பிட்டுக் கேட்கிறான். எஜமானிக்கு உதவி செய்வதாக நினைத்து அந்த நல்லவள், யாரும் வரவில்லை என்று சாதிக்கிறாள். பௌலா அப்படியே சரிகிறாள். அப்படியானால் அந்த மனிதரையும் நான் கனவில்தான் கண்டேனா? அரைமணி நேரத்துக்கு முன் கிடைத்த தெளிவு ஒரே ஒரு சாட்சியின் மறுப்பில் கரைந்துவிடுகிறது. மாதக்கணக்கில் செய்த சேதம் ஒரு மாலையில் சரியாவதில்லை. நல்ல எண்ணத்தில் சொன்ன பொய்யும் அந்த நேரத்தில் கிரெகரியின் பக்கமே சேர்ந்துவிடுகிறது.

பிரையன் நேரில் வந்து நின்ற பிறகுதான் முடிச்சு அவிழ்கிறது. நாற்காலியில் கட்டிப்போட்ட கிரெகரி, கயிற்றை அறுக்கக் கத்தி எடுத்துத் தா என்று மனைவியிடம் கெஞ்சுகிறான். அவள் கத்தியை எடுக்கிறாள். இது கத்திதானா, எனக்குத்தான் எதையும் தொலைக்கிற பழக்கமாயிற்றே, பைத்தியக்காரி எப்படி உங்களுக்கு உதவ முடியும் என்று அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவனிடமே திருப்பிக் கொடுக்கிறாள். ரத்தினங்கள்? ஆலிஸின் மேடை உடையில், போலிக் கற்களோடு கற்களாக, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படியே தைத்து வைத்திருந்தது.

## பார்க்க விரும்புகிறவர்களுக்கு

இந்தக் கதையை 1940-இல் பிரிட்டனில் தோரல்ட் டிக்கின்சன் ஒருமுறை படமாக்கியிருக்கிறார். அதில் காதலும் தேன்நிலவும் கிடையாது, கணவன் மனைவியாகவே வந்து இறங்குகிறார்கள். உரிமை வாங்கிய எம்.ஜி.எம்., பழைய படத்தின் பிரதிகளை அழித்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அப்படி ஒரு படம் வந்ததே இல்லை என்று ஆக்கப் பார்த்தார்கள், அதுவும் இந்தக் கதைக்கு! நல்லவேளை, பிரதி பிழைத்துக்கொண்டது. இரண்டும் நன்றாக இருக்கும். பழையது சிறியது, விறுவிறுப்பானது. ஆனால் கேஸ்லைட்டிங்கைப் புரிந்துகொள்ள 1944 படம்தான் தோது, ஏனென்றால் நம்பிக்கை எப்படி வளர்ந்தது என்பதையும் அது காட்டுகிறது. முதல் தடவை பெர்க்மனைப் பாருங்கள். இரண்டாவது தடவை பார்க்க நேர்ந்தால், லண்டன் டவர் காட்சியில் போயரின் கைகளை மட்டும் பாருங்கள்.